தூளிக்கு மேலே ஏழு முடிச்சு

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப்போல முதல் தேதி பென்ஷனுக்கும் மூன்றாம் தேதி மாத்திரைக்கும் நாள் பார்க்கிறவர்களாகத்தான் இருப்பீர்கள். நம் வயதில் எல்லாரும் சின்னப் பிராயத்துக் குறும்புகளை எழுதுகிறோம். மாங்காய் திருடியது, வாத்தியாரின் பிரம்பை ஒளித்து வைத்தது. நானும் அப்படி இரண்டு மூன்று எழுதி உங்களிடம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இது அந்த வகை இல்லை. சிரிக்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்த சமயம். எனக்குப் பத்து வயது. அப்பா காட்டிலாகாவில் ஃபாரஸ்ட் கார்டு, காட்டுக் காவலர். பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சித்தேரி மலையைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ். மொத்தமே இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் வாட்சரும் அவர் மனைவியும். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கினால் ஒரு பள்ளம். சுற்றிலும் முள்ளும் மூங்கிலுமாய்க் காய்ந்து கிடக்கும் மலையில், அந்தப் பள்ளத்தில் மட்டும் ஓடையின் இரண்டு கரையிலும் மரங்கள் வெயில் உள்ளே விழாதபடி நெருங்கி நிற்கும். சித்திரை உச்சி வெயிலிலும் அங்கே தரை ஈரமாக இருக்கும். மக்கின இலையும் ஓடைப் பாசியும் கலந்த ஒரு வாசனை வரும். உள்ளே போனதும் காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். கொஞ்ச நேரம் நின்றால்தான் ஒவ்வொரு சத்தமாகக் கேட்க ஆரம்பிக்கும்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், பத்து மாதத் தம்பி, அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கட்டிக்கொடுத்து ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லையென்று புருஷன் வீட்டார் ஒரு டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டிக்குப் பூட்டுகூடக் கிடையாது.

அம்மா கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு ஆண் குழந்தை பிறந்து, எட்டாம் மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மா தம்பியின் மூக்கருகில் விரலை வைத்தபடியேதான் தூங்குவாள். பிள்ளையில்லாத ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கினால் ஒரு தாய்க்கு வயிற்றில் என்ன செய்யும் என்று நம் தலைமுறைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்தைக்கும் அது தெரியும். தம்பி அழுதால் எட்ட நின்று தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டுவாள். உள்ளே குனிந்து பார்க்க மாட்டாள். எனக்கு அது ஏதோ விளையாட்டு என்றுதான் அப்போது தோன்றியது.

காலையில் களியைத் தின்றுவிட்டு அத்தை விறகுக்குப் பள்ளத்துப் பக்கம் போய்விடுவாள். மதியம் ஒரு சுமை கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடியும் போவாள். அவ்வளவு விறகு எங்களுக்குத் தேவையே இல்லை. வீட்டில் இருக்காமல் இருப்பதற்கு அவளுக்கு அது ஒன்றுதான் சாக்கு.

அந்த ஐப்பசியில் ஒரு காலேஜ் சார் வந்தார். சேலத்திலிருந்து. ஒல்லியான ஆள். கழுத்தில் பைனாகுலர் தொங்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்குவார். பள்ளத்து மரங்களை அடியோடு வெட்டிவிட்டுத் தைலமரம் வைக்கப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார்.

"அதுல ஒண்ணியும் இல்லீங்க சார். தேக்கு உண்டா, சந்தனம் உண்டா? வெறுங்காடு" என்றார் அப்பா.

சார் சிரித்துக்கொண்டே தன் வேலையை விளக்கினார். ஒரு காட்டில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுத ஒரு ஆயுள் போதாது. ஆனால் மழைக்காலம் பிறந்துவிட்டால் பறவைகளில் பல ஜாதி ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கூட்டமாக மரத்துக்கு மரம் போகும். ஒன்று பட்டை இடுக்கில் தேடும், ஒன்று இலை நுனியில், ஒன்று தரையில் சருகைக் கிளறும். மற்றவை கிளப்பிவிட்ட பூச்சியைப் பறந்து பிடிப்பது இன்னொன்று. கூட்டத்தில் எத்தனை விதமான பிழைப்பு இருக்கிறதோ, அத்தனை விதமான தீனி அந்தக் காட்டில் இருக்கிறது என்று அர்த்தம். மேற்கே கனத்த மழை பெய்யும் காடுகளில் அவர் அப்படித்தான் கணக்கெடுத்தாராம்.

"அந்த மழைக்காட்டுல இருந்து கிள்ளிப் போட்ட மாதிரி இருக்குங்க இந்தப் பள்ளம். தை மாசம் வரைக்கும் தினமும் யாராவது எண்ணிக் கொடுத்தா நான் எழுதி மேல அனுப்புவேன். வெட்டாதீங்கன்னு கேக்கறதுக்குக் கையில ஏதாவது வேணுமில்லைங்களா?" என்றார்.

அவரால் சனி, ஞாயிறுதான் வர முடியும். மற்ற நாட்களில் எண்ணும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து வாங்கிக்கொண்டார். அதோடு மறந்துபோனார். அடுத்த சனிக்கிழமை சார் நோட்டை விரித்தபோது அப்பாவின் கண்கள் கூரையைத் தேடின.

"திங்கக்கெழம அறுவதுங்க சார். செவ்வாக்கெழம அறுவத்திரண்டு."

"புதன்?"

"புதன்... எழுவதுங்க."

"புதன்கிழமை நாள் பூரா அடைமழையாச்சுங்களே?"

"ஒதுங்க வந்திருக்குங்க சார்."

சார் மரியாதையாக எழுதிக்கொண்டார். அப்பா அந்தப் பக்கம் போனதும் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, உங்க வீட்ல தினமும் பள்ளத்துப் பக்கம் போறது யாரு?"

"எங்க அத்தைங்க சார்."

நான் போய்ச் சொன்னபோது அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜமாவ எண்ணச் சொல்றாரா? அதத்தான் நான் தெனமும் பாக்கறனே" என்றாள். எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து ஆடும் குழுவுக்கு ஜமா என்று பேர். ராஜா வேஷம், பெண் வேஷம், மத்தளக்காரர், கட்டியக்காரன் எல்லாரும் சேர்ந்தால்தான் ஜமா. ராஜா வேஷம் மட்டும் பத்துப் பேர் இருந்தால் அது ஜமா ஆகாது. சார் அரைமணி நேரம் சொன்னதை அத்தை ஒரே வார்த்தையில் வைத்திருந்தாள்.

அத்தைக்கு எழுதத் தெரியாது. "நோட்டு வாணாம்னு சொல்லு. எங்கிட்ட ஒரு வழி இருக்குது" என்றாள். அம்மாவின் பழைய சேலைக் கிழிசலைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொண்டாள். ஒரு கூட்டம் கடந்து போனால் அதற்கு ஒரு பொட்டணம். ரெட்டைவால் குருவி ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை. சிவப்புச் சிட்டுக்குக் குன்றிமணி. மரங்கொத்திக்கு எட்டிக்கொட்டை. மரத்தில் தலைகீழாக நடக்கும் நீலக் குருவிக்கு வேப்பங்கொட்டை, தரையில் கூச்சல் போடும் தவிட்டுக் குருவிக்குத் துவரை. காலையில் வந்த கூட்டமானால் பொட்டணத்துக்கு ஒரு முடிச்சு, உச்சிவேளையில் வந்ததானால் இரண்டு, சாயங்காலமானால் மூன்று. அவளுக்குப் பேர் தெரியாத பறவை வந்திருந்தால், கீழே விழுந்த இறகு கிடைத்தால் அதையும் உள்ளே வைப்பாள்.

முதல் வாரத்துப் பொட்டணங்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் ஓடைப் பாறைமேல் ஒவ்வொன்றாகப் பிரித்து, கொட்டைகளைப் பிரித்துப் பிரித்து வைத்தார். கடைசியில், "என் நோட்டைவிட இது ஒழுங்கா இருக்கு பாப்பா. நான் சொன்னேன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அத்தை காது கேட்காதவள் மாதிரி விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டு, "வேற என்னா சொன்னாரு?" என்றாள். களி கிண்டும்போது ஒரு தடவை கேட்டாள். படுக்கப் போகும்போது ஒரு தடவை கேட்டாள்.

பொட்டணங்களை எங்கே வைப்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இல்லை, மூலையில் வைத்தால் எலி தின்றுவிடும். இடம் கண்டுபிடித்தது நான். தம்பியின் தூளி தொங்கிய விட்டத்தின்மேல். தூளிக் கயிறு எப்போதும் அசைத்துக்கொண்டே இருக்கிற கட்டையில் எலி ஏறாது. குதிர்மேல் கால் வைத்து ஏறினால் எனக்கு எட்டும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"உங்கப்பனுக்குத் தெரிய வாணாம் கண்ணு. தான் எண்றதா சொல்லிக்கிட்டு இருக்கான், மானம் போயிரும்பான். அண்ணிக்குத் தெரிஞ்சா, அந்தாளுக்கும் உனக்கும் என்னாடி பேச்சும்பாங்க. யார்கிட்டயும் சொல்லாத. தம்பி தலைமேல சத்தியம்னு சொல்லு" என்றாள் அத்தை.

அவள் பேச்சுவாக்கில்தான் கேட்டாள். நாமெல்லாம் ஒரு வெல்லக்கட்டிக்குக்கூட அப்படிச் சத்தியம் கேட்டவர்கள்தானே. நான்தான் நேரே தூளிக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலைமேல் உள்ளங்கையை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன். உச்சந்தலையில் எலும்பு கூடாத இடம் மெத்தென்று துடித்தது.

ஒரு சனிக்கிழமை அப்பா ஆபீசுக்குப் போயிருந்தார். நான் அத்தையோடு பள்ளத்துக்குப் போனேன். சார் ஏற்கனவே அங்கே இருந்தார். அத்தை ஒரு மரத்துக்குப் பின்னால் முக்கால் உடம்பை மறைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஓடைச் சத்தம்தான். திடீரென்று மேலே ஒரு பருந்து கத்தியது. சார் பைனாகுலரைத் தூக்கினார்.

"பருந்து இல்லீங்க. அது கட்டியக்காரங்க" என்றது மரத்துக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல். "ரெட்டைவாலு. பருந்து மாதிரி கத்தி வெளையாட்டுக் காட்டுது. கூத்துல மொதல்ல கட்டியக்காரந்தானே வருவான். இப்ப ஜமா வரும் பாருங்க."

வந்தது. முதலில் உச்சிக் கிளைகளில் சிவப்பும் மஞ்சளுமாக இருபது சிட்டுகள். அடிமரத்தில் நீலக் குருவிகள் தலைகீழாக இறங்கின. மரங்கொத்தி தட்டியது. கீழே தவிட்டுக் குருவிகள் சருகைப் புரட்டிப் போட்டுக்கொண்டே ஒன்றையொன்று திட்டின. விசிறி மாதிரி வாலை விரிக்கும் ஒரு பொடிக் குருவி என் முகத்துக்கு முன்னால் வந்து ஒரு பூச்சியைப் பிடித்துப் போனது. காடு முழுக்க நகர்வது போல இருந்தது. அத்தையின் இடது கை மடியில் கொட்டைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது, கண் மேலேயே இருந்தது. சிவப்பு எது, மஞ்சள் எது, இரண்டும் ஒரே ஜாதியில் ஆணும் பெண்ணும் என்று சார் சொல்ல வாயெடுப்பதற்குள், "மஞ்சளுக்கும் குன்றிமணிதாங்க போடறன். ராணியும் அந்த ஜமாதானே" என்றாள். சார் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளாமல் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வரும்போது மேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட இருக்கறத ஒருத்தர் கேட்டாங்க பாரு கண்ணு. அது போதும்." பத்து வயதில் எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. பசிக்கிறது என்றேன்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை பால் குடிக்கவில்லை. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய், கம்பவுண்டரிடம் ஊசி போட்டு, மிக்ஸ்சர் வாங்கி வந்தார். வியாழக்கிழமை காலையிலும் உடம்பு கொதித்தது. முந்தின குழந்தை போனது மூன்றாம் நாள். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாமென்று நிறுத்திவிட்டாள்.

உச்சிவேளையில் வாட்சர் மனைவி வந்தாள். "தூளிய எடம் மாத்திக் கட்டலாங்க அக்கா. விட்டத்துல பல்லி கில்லி இருக்கும்" என்று குதிர்மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றோடு சேர்ந்து அந்த வாரத்துப் பொட்டணங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. ஏழு. ஒன்று அவிழ்ந்து குன்றிமணிகள் அம்மாவின் காலடி வரை உருண்டன.

"தொடாதீங்க" என்றாள் வாட்சர் மனைவி. ஒரு துடைப்பக் குச்சியால் கிளறினாள். "குன்றிமணிங்க. எட்டிக்கொட்ட. இங்க பாருங்க, ரெக்க. முடிச்சப் பாருங்க அக்கா, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருக்குது. இது வெளையாட்டுக்குப் போட்ட முடிச்சு இல்ல."

அம்மா துணியைத்தான் பார்த்தாள். "என் சேலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம் ஊரில் அப்படி ஒரு பொட்டணத்தை வேறு எதற்குக் கட்டுவார்கள்? தாயின் சேலை, விஷக்கொட்டை, இறகு, முடிச்சு, எல்லாம் குழந்தையின் தலைக்கு நேர் மேலே. அந்த வீட்டில் பிள்ளையில்லாதவள் ஒருத்தி. செய்வினை என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அதே நேரத்துக்கு அத்தை விறகோடு வாசலில் வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். விறகு தலையிலிருந்து சரிந்தது.

"அய்யோ அண்ணி, அது குருவிக் கணக்கு அண்ணி. காட்டுல குருவி எண்ணுனது."

"குருவிய எதுக்குடி எண்ணுன?"

"சும்மா... சும்மாதான் அண்ணி."

"எங்கொழந்தை தலைக்கு மேல வெச்சா எண்ணுன?"

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மாவும் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு எதுனா தெரியுமா?"

எனக்கு எல்லாம் தெரியும். தூளி தரையில் கிடந்தது, அம்மாவின் தோளில் தம்பி வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தேன். சொன்னால் செத்துப்போவான். இப்போதே பாதி செத்த மாதிரிதான் இருந்தான். சொல்லாமல் இருந்தால் பிழைத்துவிடுவான் என்று அந்த நிமிஷம் நான் கடவுளை நம்பியதைவிட உறுதியாக நம்பினேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அத்தை குனிந்து சரிந்த விறகைப் பொறுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அப்பா வந்தார். ஏழு பொட்டணங்களையும் குச்சியால் தள்ளி வாசலில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். கொட்டைகள் படபடவென்று வெடித்தன. இறகு கருகும் நாற்றம் மூக்கை அரித்தது. ஒரு வாரத்து ஜமா அப்படிப் போனது. வாட்சரும் அவர் மனைவியும் பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா கேட்டார்: "ஏம்மா இப்புடிப் பண்ண?"

"நான் பண்ணல அண்ணா."

"அப்ப எதுக்கு அது?"

அத்தை தரையைப் பார்த்தாள். நீ எண்ணாத குருவியைத்தான் நான் எண்ணினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வாட்சர் அப்பாவுக்குக் கீழே வேலை செய்கிறவர். அவர் முன்னால் அண்ணனைப் பொய்யன் என்று ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளைக்காக எண்ணினேன் என்று சொன்னால் அதுவும் வேறு பழியாகத்தான் முடியும். இதெல்லாம் எனக்கு நாற்பது வயதில் புரிந்தது. அன்றைக்குப் புரிந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மேஸ்திரியாக இருந்தார். அங்கே பழம் பறிக்கிற வேலை. டிரங்குப் பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டார். அத்தை என்னருகில் வந்து ஒரு நிமிஷம் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்காவது பள்ளிக்கூடம் போ கண்ணு" என்றாள். அப்பாவுக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்தாள். தம்பி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்று மதியம் கம்பவுண்டரே சைக்கிளில் வந்து இரண்டாவது ஊசி போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் தம்பிக்கு வியர்த்தது. பால் குடித்தான். அம்மா அவனை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். சத்தியம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா ராத்திரியே திரும்பிவிட்டார். மறுநாள் சனிக்கிழமை. சாரை எந்த முகத்தோடு பார்ப்பது? காலையிலேயே மேட்டைத் தாண்டி ஓடிப்போய் ஒரு மூங்கில் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். உச்சிவேளையில் பள்ளத்துப் பக்கமிருந்து கட்டியக்காரன் பருந்து மாதிரி கத்துவது கேட்டது. பின்னாலேயே ஜமா போகும் சத்தம். எண்ண ஆளில்லை. நான் போய் எண்ணியிருக்கலாம், எந்தக் குருவிக்கு எந்தக் கொட்டை என்று எனக்குத்தான் தெரியுமே. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தபோது, "சார் வந்துட்டுப் போயிட்டாரு. இனிமே வர மாட்டாரு" என்றார் அப்பா. யாரையும் பார்க்காமல் சொன்னார். அத்தை இல்லாததால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்புக்குப் போனபோது பள்ளத்தை வெட்டினார்கள். ஒரு மாசம் கோடாலிச் சத்தம். பிறகு லாரிகள். பிறகு வரிசை வரிசையாகத் தைலங்கன்று. ஒரு பெண்ணின் கொட்டைக் கணக்கு ஒரு காட்டைக் காப்பாற்றியிருக்குமா என்று நீங்கள் கேட்டால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கு பாதியில் நின்றது எங்கள் வீட்டால்தான். தைலமரங்கள் ஆளுயரம் வளர்ந்த பிறகு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன். தலைவலித் தைல வாசனை. ஓடை இருந்த இடத்தில் கூழாங்கல். ஒரு மணி நேரம் நின்றும் ஒரு குருவியும் வரவில்லை.

அத்தையிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கார்டு வரும், தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருப்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் உரக்கப் படிப்பேன். அண்ணன் அண்ணி நலமறிய அவா, தம்பி நடக்கிறானா, தம்பி பேசுகிறானா, தம்பியைப் பள்ளிக்கூடத்தில் போட்டாயிற்றா. கடைசி வரி எல்லா வருஷமும் ஒன்றேதான். பொங்கலுக்கு நான் ஒரு நடை வந்து போகட்டுமா. படித்து முடித்ததும் அம்மா, "மடிச்சு வெய்யி" என்பாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பதில் போனதாக எனக்கு நினைவில்லை. ஆறு கார்டு வந்தது. ஏழாவது கார்டை மேஸ்திரி எழுதியிருந்தார். மஞ்சள்காமாலை, தோட்டத்திலேயே அடக்கம் பண்ணிவிட்டோம் என்று. அதையும் நான்தான் உரக்கப் படித்தேன்.

அப்புறம் நான் டீச்சர் டிரெயினிங் முடித்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம், பிள்ளைகள். அப்பா காலமானார். தம்பி நன்றாக இருக்கிறான், ஆறடி உயரம், அவனுக்கே பேரன் வந்துவிட்டான். நான் மட்டும் அந்த ஒரு வார்த்தையை விழுங்கியபடியே இருந்தேன். வகுப்பில் எந்தக் குழந்தையாவது எனக்குத் தெரியாது டீச்சர் என்று சொன்னால் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டேன். நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தை எங்களோடு இருந்திருப்பாள். இப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்தேன்.

அம்மா கடைசி வருஷம் தருமபுரியில் என் வீட்டில்தான் இருந்தாள். எழுந்து நடமாட்டம் இல்லை, நினைவு மட்டும் தெளிவு. ஒரு மத்தியானம் தம்பி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அவளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். எதனாலோ வாயில் வந்துவிட்டது.

"அம்மா, அந்தப் பொட்டணமெல்லாம் செய்வினை இல்லம்மா. நெசமாவே குருவிக் கணக்குதான். எனக்கு அப்பவே தெரியும். தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

அம்மா மென்று விழுங்கினாள். "தெரியும்" என்றாள்.

"என்னாம்மா தெரியும்?"

"குருவிக் கணக்குன்னு. அந்த சனிக்கெழமயே சாரு வந்து சொல்லிட்டாரு. நோட்ட விரிச்சு, இந்தக் கொட்டைக்கு இந்தக் குருவின்னு ஒண்ணொண்ணாக் காட்டுனாரு. நல்ல மனுசன், அழுதுட்டாரு. உங்கப்பன் அப்பவே சட்டையப் போட்டுட்டாரு, போயிக் கூட்டியாரன்னு. நாந்தான் வாசப்படில குறுக்க நின்னன்."

என் கையில் சாதம் உலர்ந்துகொண்டிருந்தது. "ஏம்மா? அதான் அவமேல தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சே?"

"தெரிஞ்சுது" என்றாள் அம்மா. "ஆனா அவ போன அன்னிக்குத்தான் தம்பிக்குக் காச்சல் விட்டுது. அவ திரும்பி வந்து, மறுபடியும் காச்சல் வந்துட்டா நான் என்னா பண்ணுவன்? ஒண்ணத் தூக்கிக் குடுத்தவ நானு."

நான் தட்டைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். "தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சுன்னாவது அத்தைக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமில்லம்மா?"

அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததை நான் துடைக்கவில்லை.

"போட்டா வந்துருவாளே" என்றாள்.